செவ்வாயிற் கால்வாய் வெட்டிய சொல்

ஒரு சொல்லைப் பிறழப் பெயர்த்தால் என்ன விளையும் என்பதற்குச் செவ்வாய்க் கோளின் வரலாறே சான்றாகும்.

1877ஆம் ஆண்டில் மிலான் நகரிலிருந்து வானத்தை ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் சியாப்பரெல்லி, செவ்வாயின்மேல் மெல்லிய கோடுகளைக் கண்டு அவற்றைக் 'கனாலி' என்றழைத்தார். அச்சொல் இயற்கையாய் அமைந்த தடத்தையும் குறிக்கும். மனிதர் வெட்டிய வாய்க்காலையும் குறிக்கும். ஆங்கிலத்திலோ அது வெட்டிய கால்வாயாகவே பெயர்க்கப்பட்டது. வெட்டியவர் யார் என்னும் வினாவும் உடன் எழுந்தது.

அமெரிக்கரான பெர்சிவல் லோவல் 1894இல் அரிசோனாவில் வானாய்வுக்கூடம் நிறுவினார். துருவப் பனி உருகிவரும் நீரை வறண்ட நிலங்களுக்குக் கொண்டுசெல்ல அறிவுடைய உயிர்கள் அமைத்த கால்வாய்களே அவை என்று நூல்கள் எழுதினார். மக்களும் மயங்கினர்.

அவரை மறுத்தவர் நமக்கு அயலார் அல்லர். 1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கி, மலாய்த் தீவுகளில் எட்டாண்டுகள் உயிரினங்களைத் தேடித் திரிந்த ஆல்பிரட் ரசல் வாலஸ்தாம் அவர். செவ்வாய் நீர் உறையும் குளிருடையது, அங்குத் திறந்த கால்வாயில் நீர் நெடுந்தொலைவு ஓடாது என 1907இல், தம் 84ஆம் அகவையில், அவர் நூலெழுதி நிறுவினார்.

1965இல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் வட்டக் குழிகள் இருந்தன, கால்வாய்கள் இல்லை. மங்கிய புள்ளிகளைக் கண்ணே கோடுகளாய் இணைத்துக்கொண்டது போலும்!

அறிவியற் சொற்களைத் தமிழாக்கும் ஆசிரியர்கள் இவ்வரலாற்றை நினைவிற் கொள்வார்களாக.