மூலையில் குடியேறிய பொத்தான்

தொண்ணூறுகளின் தொடக்கம். அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரில், மைக்ரோசாஃப்ட் வளாகத்துக்குள் ஒரு சோதனை அறை. ஒருபக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால் சில பொறியாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் கணினி முன்னால் ஒரு மனிதர், திரையில் விண்டோஸ் 3.1. எழுதுவதற்கான மென்பொருளைத் திறந்து நாலு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான் அவருக்குக் கொடுத்த வேலை. நிமிடங்கள் ஓடின. மனிதர் எங்கெங்கோ மவுஸை நகர்த்தினார், எதையெதையோ திறந்தார், மூடினார். எழுதும் இடத்துக்கு மட்டும் போய்ச் சேரவே இல்லை. கண்ணாடிக்கு இப்பால் சிரிப்பு கிளம்பியது. பிறகுதான் அவர் யார் என்று தெரிந்தது. போயிங் நிறுவனத்தில் விமானம் செய்கிற பொறியாளர்!

சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர் டேனி ஓரன். ஹார்வர்டில் பி.எஃப். ஸ்கின்னரிடம் நடத்தை உளவியல் பயின்று, சிம்பன்சிகளுக்கு மொழி கற்றுத்தரும் ஆய்வில் இருந்துவிட்டு 1992இல் மைக்ரோசாஃப்டுக்கு வந்தவர். விலங்கு தடுமாறினால் விலங்கைத் திட்டாமல் கூண்டைச் சோதிக்கிற பள்ளியில் வளர்ந்தவர் அல்லவா? அவர் பார்வை மனிதரை விட்டுத் திரைக்குத் திரும்பியது.

திரையில் கோளாறுக்குப் பஞ்சமில்லை. ‘ப்ரோகிராம் மேனேஜர்’ என்ற ஜன்னலுக்குள் குட்டி ஜன்னல்கள், அவற்றுக்குள் ஐகான்கள். எதைத் திறக்கவும் டபுள் கிளிக். இரண்டு அழுத்தலுக்கு நடுவே விரல் சற்றுத் தாமதித்தால் ஒன்றும் நடக்காது. ஒரு ஜன்னல் இன்னொன்றின் பின்னால் போய்விட்டால், புதியவர்களுக்கு அது காணாமலே போனதாக அர்த்தம். சுருக்கி வைத்த ஜன்னலோ திரையின் அடியில் ஐகானாகி, மற்றவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். 1990இல் வந்த விண்டோஸ் 3.0 விற்பனையில் சக்கைப்போடு போட்டதால், இதையெல்லாம் குறை என்று சொல்ல அதுவரை பலருக்கும் தோன்றவில்லை.

‘சிகாகோ’ என்ற சங்கேதப் பெயரில் அடுத்த பதிப்புக்கு வேலை தொடங்கியது. முதலில் தோன்றிய யோசனை கேட்க நன்றாகவே இருந்தது. புதியவர்களுக்கென்று எளிமையான தனி முகப்பு, பழகியவர்களுக்கு வழக்கமானது. சோதித்துப் பார்த்தால், எளிய முகப்பில் இல்லாத ஒரு வசதி தேவைப்பட்ட நிமிடமே ஆசாமிகள் மறுபடி காட்டுக்குள் போக வேண்டியிருந்தது. அந்த யோசனை குப்பைக்குப் போனது. எல்லோருக்கும் ஒரே கதவு வேண்டும். சரி, எங்கே வைப்பது?

திரையின் அடியில் நீளமாக ஒரு பட்டை போட்டார்கள். திறந்திருக்கும் ஜன்னல்கள் எல்லாம் அதில் வரிசையாகத் தெரியும், எதுவும் தொலையாது. இன்றைய டாஸ்க்பாரின் மூதாதை அதுதான். ஓரத்தில் மூன்று பொத்தான்கள்: ‘சிஸ்டம்’, ‘ஃபைண்ட்’, ‘ஹெல்ப்’. மூன்று இருந்தால் எதை அழுத்துவது என்ற குழப்பமும் இருக்கும். ஆகவே மூன்றையும் ஒன்றாக்கினார்கள். பொத்தான் பிறந்துவிட்டது. ஆனால் அதன் மேல் ‘சிஸ்டம்’ என்று எழுதியிருந்தவரை, சோதனைக்கு வந்தவர்கள் கணினியைப் போட்டுவிட்டு அடுத்து என்ன என்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாரோ எழுத்தை மாற்றினார்கள். ‘ஸ்டார்ட்’.

அதன்பின் கை தானாகப் போய் அழுத்தியது. அப்படியும் தயங்குபவர்களுக்காக, ‘இங்கே அழுத்தித் தொடங்கவும்’ என்று ஓர் அம்பு பட்டையின் மறுகோடியிலிருந்து ஊர்ந்து வந்து பொத்தானில் முட்டும்படி செய்தார்கள். கணினியை அணைப்பதற்கான கட்டளையும் இதே பொத்தானுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அணைக்க வேண்டுமானால் ‘ஸ்டார்ட்’டை அழுத்து என்ற வேடிக்கையைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு.

1995 ஆகஸ்ட் 24. விண்டோஸ் 95 கடைக்கு வந்த நாள். நள்ளிரவில் கடைவாசலில் வரிசை. எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு விண்டோஸ் நிறங்களில் விளக்கு. விளம்பரப் பாட்டு ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டார்ட் மீ அப்’. பொத்தானுக்கென்றே எழுதியதுபோல் பொருந்திய அந்தப் பாட்டு, பொத்தானுக்குப் பதினான்கு ஆண்டு மூத்தது. கணினி விழித்தெழும்போது ஒலிக்கும் சில நொடி இசையை அமைத்தவர் பிரையன் ஈனோ. அதை அமைத்த கணினி? போட்டி நிறுவனத்தின் மேக்! பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிந்தைய பதிப்புகளில் எது உசத்தி என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. 98க்கு ஒரு கட்சி உண்டு. தமிழர்களுக்கு 2000இன் மேல் தனிப் பாசம் இருக்கலாம். யூனிகோட் தமிழும் லதா எழுத்துருவும் அதில்தான் வந்தன. என் ஓட்டு 2001இல் வந்த எக்ஸ்பிக்கு. பச்சைப் பொத்தான், பின்னால் பச்சை மேடு. விஸ்டா பொத்தானிலிருந்து எழுத்தை நீக்கி உருண்டையாக்கியது. விஸ்டாவை வெறுத்தவர்கள் வேகக் குறைவையும் காரணமாகச் சொன்னார்கள். அதே உருண்டையோடு 2009இல் வந்த விண்டோஸ் 7ஐக் கொண்டாடினார்கள். சண்டை எப்படிப் போனாலும் இடதுமூலை மட்டும் அசையவில்லை, 2012 வரை.

அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 8இல் மூலை காலி. ஐபேடுக்குப் பின் உலகம் தொடுதிரைக்கு மாறிவிட்டது, மெனுவின் பயன்பாடும் குறைந்துவிட்டது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வண்ணக் கட்டங்கள் திரையை அடைத்துக்கொண்டன. மூலையில் சுட்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் வழி தெரியும்; அது தெரியாதவர்கள், மவுஸ் பிடித்துப் பதினேழு ஆண்டு பழகிய கையோடு, கணினியை அணைக்கும் இடம் எங்கே என்று தேடினார்கள். பழைய மெனுவைத் திருப்பித் தரும் மென்பொருள்களை வெளியார் செய்து கொடுத்தார்கள். ஸ்டார்டாக் என்ற நிறுவனம் அதைக் காசுக்கே விற்றது. பதிப்பு வெளியான சில வாரங்களிலேயே விண்டோஸ் பிரிவின் தலைவர் ஸ்டீவன் சினோஃப்ஸ்கி நிறுவனத்தை விட்டுப் போனார்.

அடுத்த ஆண்டு 8.1இல் பொத்தான் திரும்பி வந்தது. ஆவலோடு அழுத்தினால், அதே வண்ணக் கட்டங்கள்! மெனு இல்லாத வெறும் பொத்தான். 2015 ஜூலையில், 9 என்ற எண்ணையே தாண்டிக் குதித்து வந்த விண்டோஸ் 10தான் மெனுவையும் சேர்த்துத் தந்தது.

2021இல் விண்டோஸ் 11 பொத்தானை மூலையிலிருந்து கிளப்பிப் பட்டையின் நடுவே ஐகான்களோடு உட்கார வைத்தது. மூலையில் இருந்தபோது கண்ணை மூடிக்கொண்டு மவுஸைத் தள்ளினாலும் போய்ச் சேரலாம். நடுவே இருப்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த முறை மைக்ரோசாஃப்டும் உஷாராக இருந்தது. செட்டிங்ஸுக்குள் நாலு படி இறங்கினால், மறுபடி இடது ஓரத்துக்கே தள்ளிவிட ஒரு தேர்வு இருக்கிறது.