உடற்பருமனும் ஒரு முதியவரின் மடலும்

விரும்பி உண்ணும் உணவே உடலுக்குப் பகையாவதுண்டு. அப்பகையை வெல்லும் படைக்கலம் யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வாழ்ந்த வில்லியம் பான்ரிங் என்பாரின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

ஈமச்சடங்குகளை ஒழுங்குசெய்யும் தொழில் அவருடைய குடும்பத்துக்கு உரியது. 1852ஆம் ஆண்டில் வெலிங்டன் கோமகனின் இறுதி ஊர்வலத்தை நடாத்தியவர்களும் அக்குடும்பத்தினரே. செல்வமும் மதிப்பும் பெற்றிருந்த அப்பெரியார், தம் பாதணியின் வாரைக் கட்டுதற்குக் குனிய இயலாதவராயிருந்தார். முழங்கால் நோவுக்கு அஞ்சி, மாடிப்படிகளிற் பின்புறமாகவே இறங்கினார். பொது இடங்களிற் பிறர் எள்ளி நகைத்தமை, உடல் நோவினும் மிக அவரை வருத்திற்று.

அவர் முயலாதிருந்தவரல்லர். காலைதோறும் படகு வலித்தார், உடல் வலுப்பெற்றது, பசியும் உடன் வளர்ந்தது. பசி வளர உணவு மிகுந்தது, பருமன் குறைந்திலது. நீராவிக் குளியலும் மருந்தும் பெரும்பயன் தரவில்லை.

1862ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், செவிப்புலன் மங்கியமை குறித்து வில்லியம் ஹார்வி என்னும் வைத்தியரை நாடினார். ஈரலிற் சர்க்கரை உண்டாதல் பற்றிக் குளோட் பேர்னாட் என்னும் அறிஞர் பாரிஸ் நகரில் ஆற்றிய விரிவுரைகளைக் கேட்டறிந்தவர் ஹார்வி. அவர் நோயாளியின் செவியை நோக்கியதோடமையாது, உணவையும் வினவினார். பாண், வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவையே பான்ரிங் நெடுங்காலம் விரும்பியுண்டவை. அவற்றை விலக்கி, இறைச்சி, மீன், காய்கறி, சிறிதளவு வாட்டிய பாண் என்பவற்றை உண்ணுமாறு வைத்தியர் பணித்தார்.

பான்ரிங் அதனை நாள்தோறும் கடைப்பிடித்தார். நிறையை இடையிடையே நிறுத்துக் குறித்தும் வந்தார். தொடக்கத்தில் 202 இறாத்தலாயிருந்த நிறை, 1863ஆம் ஆண்டு செத்தெம்பரில் 156 இறாத்தலாயிற்று. வாரமொன்றுக்கு ஓர் இறாத்தலும் குறையவில்லை. ஆயினும் ஓராண்டின் முடிவிற் குறைந்தது 46 இறாத்தல். படிகளில் முன்னோக்கி இறங்கும் இன்பம் அம்முதியவருக்கு மீண்டும் வாய்த்தது.

தாம் பெற்ற நலனைப் பிறரும் பெறுக எனக் கருதி, அவ்வாண்டிலேயே தம் செலவில் ஒரு சிறு நூலை மடல் வடிவில் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மருத்துவர் சிலர் இகழ்ந்தனர். மக்களோ விரும்பிப் படித்தனர். அவர் பெயரே உணவுக் கட்டுப்பாட்டைக் குறிக்கும் சொல்லாயிற்று. சுவீடன் நாட்டு மொழியில் அச்சொல் இன்றும் வழங்குகின்றது.

அவர் 1878ஆம் ஆண்டில், எண்பதாண்டு கடந்து, காலமானார். அவருடைய உணவுமுறை அனைவர்க்கும் ஏற்றதென்று கொள்ளுதல் தகாது. அவர் நாள்தோறும் அருந்திய மதுவை இக்கால மருத்துவம் ஏற்காது. ஆயின் அவர் வாழ்க்கை உணர்த்தும் பாடம் பழுதுபடவில்லை. பல்லாண்டு வழக்கம் சேர்த்த சுமையை, ஓராண்டு வழக்கம் மெல்ல இறக்கிவைத்தது.