வளைகுடாச் சிறைகளில் உண்ணாநிலைப் போராட்டம்: ராஸ் அல் கைமாவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

சிறைப்பட்டவன் உணவை மறுப்பது தமிழ் மரபுக்குப் புதியதன்று. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற்கோட்டத்துச் சிறையில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட பொழுதில் தராது காலந்தாழ்த்தித் தரப்பட்ட நீரைப் பருகாமல் உயிர்நீத்தான் என்பது புறநானூற்று 74ஆம் பாடலின் அடிக்குறிப்புத் தரும் செய்தி. அம்மறுப்பில் கோரிக்கை ஏதுமில்லை; மானம் ஒன்றே உண்டு. இக்காலச் சிறையாளரின் உண்ணாநிலையோ கோரிக்கையோடு பிறப்பது. வெளியுலகின் செவிக்கு எட்டினாலன்றி வலுப்பெறாதது.

சொல்லாட்சியும் இங்குக் கருதத்தக்கது. தமிழில் ‘உண்ணாவிரதம்’ என்னும்போது சமய நோன்பின் சாயல் அரசியல் செயலின்மேலும் படிகின்றது. அரபு மொழியில் நோன்புக்கு ‘ஸவ்ம்’ என்பது சொல். சிறையாளரின் உணவு மறுப்போ ‘இள்ராப்’ எனப்படும். தொழிலாளர் வேலைநிறுத்தத்தைக் குறிப்பதும் அதே சொல்தான். நோன்பிருப்பவன் கடவுளை நோக்குகிறான். ‘இள்ராப்’ செய்பவன் ஆட்சியை நோக்குகிறான்.

ராஸ் அல் கைமா 1972 பிப்ரவரியில், ஏழாவது உறுப்பாக, ஐக்கிய அரபு அமீரகத்தில் இணைந்தது. உள்ளூர் வழக்குகளுக்குத் தனக்கெனத் தனி நீதிமன்றங்களை அது இன்றும் கொண்டுள்ளது. ஆயினும் நாட்டுப் பாதுகாப்பு வழக்குகள் அபுதாபிக்கே செல்லும். அல் இஸ்லாஹ் இயக்கத்தின் தலைவரும் ராஸ் அல் கைமா ஆளும் குடும்பத்தவருமான ஷேக் சுல்தான் பின் காயித் அல் காசிமி 2012 ஏப்ரலில் கைதாகி, முதலில் ஆட்சியாளரின் அரண்மனையிலேயே காவலில் வைக்கப்பட்டார். 2013 ஜூலையில் அவருக்குப் பத்தாண்டுத் தண்டனை விதித்தது அபுதாபியிலுள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டோர் 94 பேர்; தண்டிக்கப்பட்டோர் 69 பேர். ஆகவே ராஸ் அல் கைமாவின் அரசியல் சிறை வரலாற்றைத் தேடுவோர் அபுதாபியின் சிறைகளையே நாட வேண்டியிருக்கிறது.

அங்கே வெளிப்படையாக அறியப்பட்ட உண்ணாநிலை 2011இல் நிகழ்ந்தது. தலைவர்களை அவமதித்ததாக அவ்வாண்டு ஏப்ரலில் கைதான அகமது மன்சூர், பொருளியல் அறிஞர் நாசர் பின் கைத் உள்ளிட்ட ஐவர், விசாரணையின் நேர்மையின்மையைக் கண்டித்து நவம்பர் 13 முதல் உணவை மறுத்தனர். நவம்பர் 27இல் மன்சூருக்கு மூன்றாண்டும் ஏனையோர்க்கு இரண்டாண்டும் தண்டனை வந்தது. மறுநாளே குடியரசுத் தலைவரின் மன்னிப்பும் வந்தது. இதனை வெற்றி என்று எண்ணுவது அவசரம். மன்னிப்புக்குப் பின்னும் தண்டனை பதிவேட்டில் நின்றது. மன்சூரின் கடவுச்சீட்டு திருப்பித் தரப்படவில்லை.

2017 மார்ச்சில் மன்சூர் மீண்டும் கைதானார். 2018 மே மாதம் பத்தாண்டுச் சிறையும் பத்து லட்சம் திர்ஹம் தண்டமும் விதிக்கப்பட்டன. தனிமைச் சிறையில் கட்டிலின்றி, நூல்களின்றி வைக்கப்பட்ட அவர் 2019 மார்ச்சில் ஏறத்தாழ நான்கு வாரம் உண்ணாதிருந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் மீண்டும் தொடங்கினார். 2011இல் எதிர்ப்பு நீதிமன்றத்தை நோக்கியது. 2019இல் அது படுக்கை, நூல், கதிரொளி என்னும் அளவுக்கு இறங்கிவிட்டது. கோரிக்கை சிறுத்தது என்று இதனைக் கொள்வது பிழை. எட்டடிச் சுவருக்குள் அடைபட்டவனுக்கு நூல் ஒன்றைக் கேட்பதே அரசியல்.

பஹ்ரைனில் நிலைமை சற்று வேறு. ஆயுள் தண்டனை பெற்ற அப்துல்ஹாதி அல் கவாஜா 2012இல் 110 நாள் உணவை மறுத்தார். இடையில் மருத்துவமனையில் அவருக்கு வலிந்து உணவு செலுத்தப்பட்டது. உண்ணாநிலையில் இருப்பவர்க்கு அவர் விருப்பத்துக்கு மாறாக உணவு செலுத்தலாகாது என்பது உலக மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. 2023 ஆகஸ்டில் ஜவ் சிறையில் நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே உணவை மறுத்தனர். நாளில் 23 மணிநேரம் அறைக்குள் பூட்டப்படுவதைக் குறைத்தல், கூட்டுத் தொழுகைக்கு இசைவு, குடும்பத்தாரைக் காணும் வாய்ப்பு ஆகியன அவர்கள் கேட்டவை. ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்த பின், சில மாற்றங்களுக்கான உறுதிமொழியின் பேரில் அது நிறுத்தப்பட்டது. குடும்பத்தாருக்குக் கிடைத்த சில நிமிடத் தொலைபேசி உரையாடல்கள் வழியாகவே செய்தி வெளியேறியது. இத்தகைய வழியும் அடைபட்ட தனிமையறையில் ஒருவன் உணவை மறுப்பது, குடவாயிற்கோட்டத்துச் சேரமானின் மறுப்புக்கே நெருக்கமாகிறது.

2024 ஜூலையில் அபுதாபி நீதிமன்றம் புதிய கூட்டு வழக்கொன்றில் 43 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவ்வழக்கில் மன்சூருக்குக் கிடைத்தவை மேலும் பதினைந்து ஆண்டுகள்.