அல்ஜமியத் இதழும் அதன் ஆசிரியரும்

கம்பம் பள்ளத்தாக்கில் பண்ணைப்புரத்தைச் சூழ்ந்த உத்தமபாளையம், கம்பம் முதலிய ஊர்களில் வாழும் இராவுத்தர்களின் தாய்மொழி தமிழே. அவர்தம் கருத்தைத் தில்லியில் உருது மொழியில் வெளிவந்த சமயக் கட்சி இதழ் ஒன்றைக் கொண்டு அளத்தல் பொருந்துமா? இவ்வினாவிற்கு விடை காணுமாறு அத்தகைய இதழ் ஒன்றன் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

கிலாபத் இயக்கம் எழுந்த காலத்தில், 1919-இல், இஸ்லாமியச் சமய அறிஞர் பலர் கூடி 'ஜமியத் உலமாயே ஹிந்த்' என்னும் அமைப்பினை நிறுவினர். அவ்வமைப்பின் இதழாக 'முஸ்லிம்' 1921 முதல் 1923 வரை நடைபெற்றது. பின்னர் 1925-இல் 'அல்ஜமியத்' தோன்றியது. இவ்விரண்டிற்கும் ஆசிரியராக அமர்ந்தவர், 1903-இல் ஔரங்காபாத்திற் பிறந்த மௌதூதி ஆவர். 1926 டிசம்பரில் தில்லியில் சுவாமி சிரத்தானந்தர் கொலையுண்டதை ஒட்டி, இஸ்லாம் வாளாற் பரவிய சமயம் என்னும் குற்றச்சாட்டு ஓங்கியது. அதற்கு மறுமொழியாக மௌதூதி 1927-இல் அல்ஜமியத்தில் எழுதிய தொடர் கட்டுரைகள், 1930-இல் நூலுருப் பெற்றன.

1928-இல் அவர் இதழினின்றும் விலகினார். அதன்பின் கட்சியின் வழி வேறு, அவர் வழி வேறு என்றாயிற்று. சமயம் வேறாயினும் இந்திய மக்கள் ஒரே நாட்டினத்தவர் என்னும் கொள்கையை ஜமியத்தின் பெருந்தலைவராகிய ஹுசைன் அகமது மதனி 1938-இல் நூல்வழி நிலைநாட்ட முயன்றார். மௌதூதி அக்கொள்கையை மறுத்தெழுதினார். 1941-இல் இலாகூரில் 'ஜமாஅத்தே இஸ்லாமி'யைத் தோற்றுவித்த அவர், 1947-இல் பாகிஸ்தானுக்குச் சென்றார். ஜமியத்தோ பிரிவினையை எதிர்த்து நின்றது.

இதனால் நாம் அறிவது யாது? ஒரே இதழில் ஒரு காலத்து ஒன்றியிருந்த கட்சியும் ஆசிரியருமே பின்னர் எதிரெதிர் நின்றனர். எனவே, கட்சி இதழின் குரலை ஒரு சமுதாயம் முழுமைக்கும் உரிய குரலாகக் கொள்ளுதல் வழுவாம்.

திருநெல்வேலியிற் பிறந்து முஸ்லிம் லீகின் தலைவராக விளங்கிய முகமது இஸ்மாயில் சாகிபு, 1949-இல் அரசியல் நிருணய சபையில் ஆட்சிமொழி பற்றிய விவாதத்தின்போது, பழைமையே அளவையாயின் அத்தகுதி தமிழுக்கே உண்டு என்னும் கருத்தை எடுத்துரைத்தார். தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப்புகுவோர் தில்லி ஏடுகளோடு அமையாது, இத்தகைய குரல்களையும், கம்பம் பள்ளத்தாக்குப் போன்ற இடங்களின் தமிழ் வாழ்வையும் சான்றாகக் கொள்ளல் வேண்டும்.