மாமாவின் கடை ஏன் கூகிளில் வரவில்லை? மஞ்சள் புத்தகம் முதல் தேடுபொறி வரை ஒரு சின்னச் சரித்திரம்

ஸ்காபரோவில் என் மாமா ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். இடியப்பம், புட்டு, கொத்துரொட்டி, மட்டன் றோல்ஸ். இருந்து சாப்பிட மேசை கிடையாது, வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான். காசு வாங்கும் இடத்துக்குப் பக்கத்தில் தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம் எப்போதும் கிடக்கும். ரொறன்ரோத் தமிழர்களின் வர்த்தகக் கையேடு. உங்கள் வீட்டிலும் தொலைபேசிக்குப் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்திருக்கும். அதில் மாமாவின் கடைக்குக் கால் பக்க விளம்பரம் உண்டு. வருடா வருடம் காசு கட்டுவார்.

2011-இல் நான் பொறியியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை மாமா கூப்பிட்டார். "தம்பி, நீ கொம்பியூட்டர் படிக்கிறாய்தானே. சனம் இப்ப புத்தகத்தைப் பாக்கிறேல்லையாம். கூகிளில எங்கட கடை வருதில்லை. என்னெண்டு ஒருக்காப் பாரன்."

"ரெண்டு நாளில சரியாக்கித் தாறன் மாமா" என்றேன். இரண்டு நாளில் சரியாகவில்லை. நான் செய்தது பெரிய பிழை. அதையும் சொல்கிறேன். ஆனால் என்னைப் போலவே பிழை விட்டவர்கள் முன்பும் நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். ஆகவே முதலில் கொஞ்சம் சரித்திரம்.

ஐம்பது பெயர்கள், ஒரு தாள்

1878 பெப்ரவரியில், அமெரிக்காவின் கனெற்றிக்கட் மாநிலத்தில் நியூஹேவன் என்ற நகரத்தில் உலகின் முதல் தொலைபேசிக் கையேடு வெளிவந்தது. கையேடு என்றாலும் ஒரே ஒரு தாள்தான். அதில் ஐம்பது பெயர்கள் இருந்தன. இலக்கங்கள் கிடையாது. இணைப்பு நிலையத்தில் இருப்பவரிடம் பெயரைச் சொன்னால் அவர் இணைத்துவிடுவார்.

1886-இல் சிக்காகோவில் ரூபன் டொனலி என்பவர் வியாபாரங்களைத் தொழில் வாரியாகப் பிரித்து ஒரு கையேடு போட்டார். நாங்கள் மஞ்சள் பக்கங்கள் என்று சொல்லும் புத்தகம் இந்த வழியில்தான் வளர்ந்தது. குழாய் திருத்துபவர் தேவையென்றால் அந்தத் தலைப்பைத் திறந்து, மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரலாம்.

இங்கேதான் முதல் தந்திரம் பிறந்தது. பட்டியல் அகரவரிசையில் இருந்ததால் முதலில் இருப்பவருக்கு அழைப்பு அதிகம். ஆகவே 'ஏ.ஏ.ஏ. பிளம்பிங்' போன்ற பெயர்கள் முளைத்தன. குழாய் வேலையில் அவர் கெட்டிக்காரரா என்பதற்கும் அந்த மூன்று எழுத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெயரை மாற்ற மனமில்லாதவர் பெரிய பெட்டி விளம்பரம் வாங்கவேண்டும். புத்தகம் ஒருதரம் அச்சாகிவிட்டால் அடுத்த வருடம் வரை எதையும் மாற்ற முடியாது. தொலைபேசி இலக்கம் மாறினாலும் அதே கதைதான்.

சொற்களை எண்ணிய காலம்

இணையத்தில் தேடுவதன் தொடக்கம் எங்கள் கனடாவில்தான் என்பது பலருக்குத் தெரியாது. பார்படோஸில் பிறந்த அலன் எம்ரேஜ், மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1990-இல் 'ஆர்ச்சி' என்ற தேடும் கருவியை எழுதினார். கடைகளை அது தேடவில்லை. பொதுக் கணினிகளில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பெயரை வைத்துத் தேடித் தந்தது.

1994-இல் ஜெரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் யாஹூவைத் தொடங்கினார்கள். அது மஞ்சள் புத்தகத்தின் தம்பி மாதிரி. மனிதர்களே ஒவ்வொரு தளத்தையும் பார்த்துத் தலைப்புகளில் சேர்த்தார்கள். 1995 டிசம்பரில் வந்த அல்ராவிஸ்ராவில் மனிதருக்குப் பதிலாக இயந்திரமே பக்கங்களைப் படித்தது.

அந்தக் காலத்து இயந்திரங்கள் பெரும்பாலும் பக்கத்தில் எழுதியிருப்பதையே நம்பின. நீங்கள் தேடும் சொல் ஒரு பக்கத்தில் எத்தனை முறை வருகிறது, தலைப்பில் வருகிறதா என்று பார்த்தன. வியாபாரிகளுக்கு இது பிடிபட அதிக நாள் எடுக்கவில்லை. ஒரே சொல்லை நூறு முறை எழுதினார்கள். வாசிப்பவருக்குத் தெரியாமல், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் எழுதினார்கள். 'ஏ.ஏ.ஏ. பிளம்பிங்' இப்போது கணினிக்குள் வந்துவிட்டது. தேடுபொறியில் முன்னுக்கு வரச் செய்யும் இந்த வேலைக்கு எஸ்.ஈ.ஓ. என்ற பெயர் பரவியதும் தொண்ணூறுகளின் பிற்பகுதியில்தான்.

ஊரில் விசாரிப்பது போல

ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லரி பேஜும் சேர்ஜி பிரின்னும் வேறு மாதிரி யோசித்தார்கள். அவர்களின் யோசனையை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது சுலபம். கலியாணம் பேசும்போது மாப்பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்வதை யாராவது அப்படியே நம்புவார்களா? ஊரில் நாலு பேரிடம் விசாரிப்பார்கள். அந்த நாலு பேரிலும், ஊர் மதிக்கும் ஒரு வாத்தியார் சொன்னால் அதற்குக் கூடுதல் பெறுமதி. இணையத்தில் ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பது அப்படியொரு நற்சொல். மதிப்புள்ள பக்கத்திலிருந்து வரும் இணைப்புக்கு எடை அதிகம். 1998-இல் கூகிள் நிறுவனம் இந்த யோசனையோடு தொடங்கியது.

அதே 1998-இல் பில் குரோஸின் கோரு.கொம், ஒரு சொல்லுக்கு மேலே வர யார் எவ்வளவு தருவார்கள் என்று ஏலம் விட்டது. யாராவது அழுத்தினால் மட்டும் காசு. 2000 ஒக்ரோபரில் கூகிளும் அட்வேர்ட்ஸ் என்ற விளம்பர முறையைக் கொண்டுவந்தது. வருட ஒப்பந்தம் எழுதத் தேவையில்லை என்பது சின்னக் கடைகளுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பெரிய கம்பனியும் அதே சொல்லுக்கு ஏலம் கேட்கும்போது, சின்னக் கடைக்காரர் எவ்வளவு தூரம் ஓடமுடியும்?

காசு கட்டாமல் மேலே வர விரும்பியவர்கள் நற்சொல்லையே விலைக்கு வாங்கத் தொடங்கினார்கள். இணைப்பு விற்பதே ஒரு தொழிலானது. 2003 நவம்பரில் கூகிள் தன் கணக்கிடும் முறையைப் பெரிதாக மாற்றியது. அந்தத் துறையினர் அதற்கு 'ஃபுளோரிடா' என்று பெயர் வைத்தார்கள். நத்தார் வியாபாரம் தொடங்கும் நேரத்தில், பல சின்ன இணையக் கடைகள் முதல் பக்கங்களிலிருந்து காணாமல் போயின. 2011 பெப்ரவரியில் வந்த 'பண்டா' மாற்றம் சரக்கில்லாத பக்கங்களைக் கீழே தள்ளியது. 2012 ஏப்ரலில் வந்த 'பெங்குயின்' போலி இணைப்புகளைக் குறிவைத்தது.

நான் செய்த பிழை

2011-இல் மாமாவுக்காக நான் செய்தது இதுதான். '30 நாளில் முதல் பக்கம்' என்று உறுதி சொன்ன ஓர் ஆளிடம் 150 டொலருக்கு 500 இணைப்புகள் வாங்கினேன். கார்க் காப்புறுதி, மெலிவதற்கான மருந்து என்று சம்பந்தமில்லாத பக்கங்களிலிருந்தெல்லாம் எங்கள் இடியப்பத்துக்கு இணைப்பு வந்தது. சில மாதங்கள் கடை மூன்றாவதாக வந்தது. மாமாவுக்குச் சந்தோசம். எனக்குத் தலைக்கனம். "இனிப் புத்தகத்துக்குக் காசு கட்டாதேங்கோ மாமா" என்றேன். அவரும் என்னை நம்பி விளம்பரத்தை நிறுத்தினார்.

2012 மே மாதம் தேடிப் பார்த்தேன். முதல் பத்துப் பக்கத்திலும் கடை இல்லை. புத்தகத்திலும் இல்லை. அந்தக் கோடையில் தொலைபேசி அடிப்பது குறைந்தது. பின்னேரங்களில் றோல்ஸ் சுற்ற வரும் அக்காவை மாமா நிற்பாட்டவேண்டி வந்தது. மாமா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாமிதான் ஒருநாள் தேத்தண்ணி தரும்போது சொன்னார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

திருத்தியது எப்படி?

இந்த முறை கணினியை மூடிவைத்துவிட்டு, இரண்டு சனிக்கிழமை கடையில் நின்றேன். ஆட்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதினேன். எங்கள் ஆட்கள் இடியப்பம் என்றார்கள். சிங்கள நண்பர்களும் வேறு சிலரும் 'ஸ்ரிங் ஹொப்பர்ஸ்' என்றார்கள். அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டால், இடியப்பத்துக்கே மூன்று விதமான எழுத்துக்கூட்டல் வந்தது. எங்கள் தளத்தில் இருந்ததோ ஒன்றே ஒன்று. ஆட்கள் வாயில் வரும் சொல் எங்கள் பக்கத்திலும் இருக்கவேண்டும். எஸ்.ஈ.ஓ.வின் பாதி இவ்வளவுதான்.

அடுத்தது தமிழ். தளத்தின் தமிழ் விலைப்பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினியில் 'அம்மா' என்று திரையில் தெரிந்தாலும், உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். தேடுபொறி அதைத் தமிழாகப் படிக்காது. யுனிகோடில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆனாலும் பல வருடங்கள் எங்கள் சனத்தின் எத்தனையோ பக்கங்கள் இப்படி, கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்குப் புரியாத குறிகளாகவும் கிடந்தன. நான் பட்டியல் முழுவதையும் யுனிகோடில் திரும்பத் தட்டினேன். இன்றும் பல கடைகள் விலைப்பட்டியலைப் படமாக மட்டும் போடுகின்றன. எழுத்தாகவும் போடுவது நல்லது.

மூன்றாவது, இடம். 2004-இல் கூகிள் உள்ளூர்த் தேடலைத் தொடங்கியது. 2005-இல் வரைபடம் வந்தது. வியாபாரிகளுக்கான பட்டியல் பல பெயர்கள் மாறி, 2021 முதல் 'பிஸ்னஸ் புரொஃபைல்' என்று இருக்கிறது. உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தூரம், பிரபலம் என்ற மூன்றையும் முக்கியமாகப் பார்ப்பதாகக் கூகிளே சொல்கிறது. இதில் தூரம் சின்னக் கடைக்குப் பெரிய வரம். பக்கத்துத் தெருவில் பசியோடு நிற்பவருக்கு, நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பெரிய கடையை விட மாமாவின் கடைதான் உதவும்.

ஆனால் எங்கள் கடையின் முகவரி மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தது. ஓரிடத்தில் பழைய தொலைபேசி இலக்கம். எல்லாவற்றையும் ஒன்றாக்கினேன். கடை நாங்கள் சொன்ன இடத்தில்தான் இருக்கிறது என்று உறுதிப்படுத்த, அப்போது தபாலில் ஓர் இலக்கத்தோடு அட்டை வரும். முதல் அட்டையை மாமி விளம்பரக் குப்பை என்று எறிந்துவிட்டார். இரண்டாவதற்கு நானே தபால்பெட்டியடியில் காவல் இருந்தேன். பிறகு திறக்கும் நேரம், உண்மையான படங்கள். சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கு என்றவர்களிடம், "அதை அங்கேயும் எழுதிவிடுங்கோ" என்று கேட்கச் சொன்னேன். வாங்கிய 500 இணைப்பை விட, அவர்கள் எழுதிய பத்துப் பன்னிரண்டு வரிகள் கடைக்கு உதவின.

மாரி தொடங்கும் நேரம் தொலைபேசி பழையபடி அடிக்கத் தொடங்கியது. ஆனால் மாமா அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிட்டபோது அவருக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. அதை நான் மறக்கவில்லை.

உங்களுக்கு ஒரு வேலை

அல்ராவிஸ்ரா 2013-இல் மூடப்பட்டது. யாஹூவின் பட்டியல் 2014 முடிவில் மூடப்பட்டது. இன்று உங்களில் பலர் தேடுவதுகூட இல்லை, செயற்கை அறிவிடம் நேரே கேட்கிறீர்கள். அதுவும் எங்கோ எழுதியிருக்கும் தகவலை வைத்துத்தான் பதில் சொல்கிறது. அந்தத் தகவல் பிழையென்றால் பதிலும் பிழை. நியூஹேவன் தாளிலிருந்து இன்றுவரை வந்த தந்திரங்கள் எல்லாம் அடுத்த மாற்றம் வரும்வரைதான் ஓடின. சரியான பெயர், முகவரி, நேரம், மற்றவர்கள் உண்மையாகச் சொல்லும் நல்ல வார்த்தை ஆகியவை எந்தக் காலத்திலும் வீண் போகவில்லை. இதற்கு முதுகலைப் பட்டம் தேவையில்லை.

உங்கள் அப்பாவுக்கோ சித்திக்கோ பக்கத்து வீட்டு அன்ரிக்கோ ஒரு கடை இருக்கும். அவர்களுக்கு இந்த ஆங்கிலமும் கடவுச்சொற்களும் தலையிடி. 'முதல் பக்கம் நிச்சயம்' என்று அழைப்பவர்கள் அவர்களைத்தான் தேடி அழைக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை அரை மணித்தியாலம் ஒதுக்கி அந்தக் கடைக்குப் போங்கள். கதவில் எழுதியிருக்கும் நேரமும் உங்கள் தொலைபேசியில் தெரியும் நேரமும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு அந்த இலக்கத்துக்கு ஒருமுறை அழையுங்கள். கடைக்குள் மணி அடிக்கிறதா?