தெய்வம் கூட்டிப்போகும் இடம்

இலியட்டின் மூன்றாம் பாடலில் எனக்கு மறக்காத ஓர் இடம் உண்டு. மெனெலாஸோடு தனிப்போரில் தோற்கப்போன பாரிஸை அஃப்ரோடைட்டி பனிமூட்டத்தில் மறைத்துத் தூக்கிப்போய்ப் படுக்கையறையில் விடுகிறாள். பிறகு ஹெலனிடம் வந்து, அவன் கூப்பிடுகிறான், வா என்கிறாள். ஹெலன் மறுக்கிறாள். அவ்வளவு ஆசையிருந்தால் நீயே போய் அவனோடு இரு என்று தெய்வத்தின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறாள். தெய்வம் மிரட்டுகிறது. ஹெலன் பேசாமல் பின்னால் நடக்கிறாள்.

மணிமேகலையிலும் ஒரு தெய்வம் ஒரு பெண்ணைக் கூட்டிப்போகிறது. ஆனால் திசை வேறு.

புகாரின் உவவனத்தில் பூப்பறிக்கப் போன மணிமேகலையைத் தேடி இளவரசன் உதயகுமரன் தேரில் வருகிறான். அவள் பளிக்கறைக்குள் ஒளிந்துகொள்கிறாள். கணிகை மாதவியின் மகள்தானே, எங்கே போய்விடுவாள் என்பது ஊரின் எண்ணம். பாட்டி சித்திராபதியின் எண்ணமும் அதேதான். அன்றிரவு மணிமேகலா தெய்வம் தூங்குகிறவளை எடுத்துக்கொண்டு தெற்கே முப்பது யோசனை தூரம் பறந்து மணிபல்லவத் தீவில் விடுகிறது. அஃப்ரோடைட்டி பெண்ணை ஆணிடம் கொண்டுபோகிறாள். கடல்தெய்வம் ஆணிடமிருந்து கொண்டுபோகிறது.

இதுவும் அவளைக் கேட்டுச் செய்ததில்லைதான். விழித்தவள் ஆளில்லாத கரையில் அழுகிறாள். அவளுக்கும் அவன்மீது மனம் போயிருந்தது. போன பிறவியில் அவன்தான் கணவன் என்று புத்த பீடிகை காட்டுகிறது. சாத்தனார் இந்தச் சிக்கலை மழுப்பவில்லை. தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரங்களைக் கற்றுக்கொடுக்கிறது: வேற்றுரு எடுக்க, வானில் பறக்க, பசியைத் தாங்க. பிறகு போய்விடுகிறது. ஒடிஸியில் பெனலோபியைத் தூங்கவைத்து, அழகைக் கூட்டி, அவளை மணக்கத் துடிக்கிறவர்கள் முன்னால் நிறுத்துகிறாளே அதீனா, அந்த உதவிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

ஹோமரின் தெய்வங்கள் சாகாதவர்கள். செய்ததற்குக் கணக்குக் கொடுக்கவேண்டியதில்லை. சாத்தனாரிடம் தெய்வங்களுக்கும் வரம்பு உண்டு. சுடுகாட்டில் பேயைக் கண்ட பயத்துக்கு மகனைப் பறிகொடுத்த கோதமை, என் உயிரை எடுத்துக்கொண்டு அவனைக் கொடு என்று சம்பாபதியிடம் கேட்கிறாள். சம்பாபதி மற்ற தெய்வங்களையெல்லாம் வரவழைத்துக் காட்டி, எங்களால் முடியாது என்கிறாள். வஞ்சியில் பத்தினித் தெய்வமாகிவிட்ட கண்ணகிகூட, கோபத்தில் மதுரையை எரித்த வினை என்னையும் விடாது என்று மகளிடம் சொல்கிறாள். சின்னப்பெண் என்று உனக்கு யாரும் தத்துவம் சொல்லமாட்டார்கள், வேற்றுரு எடுத்துக்கொள் என்று சொல்வதும் அவளே. மணிமேகலை ஆண் துறவியின் உருவில் போய் ஒவ்வொரு சமயக்காரரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். தெய்வமான தாய் கொடுத்தது வரமில்லை. ஊர் எப்படிப்பட்டது என்ற விவரம்.

கடைசியாக அவள் வருவது எங்கள் காஞ்சிக்கு. மழை பொய்த்து ஊர் பஞ்சத்தில் கிடக்கிறது. இளங்கிள்ளியிடம் சொல்லி மணிபல்லவத்தில் இருந்ததுபோலவே ஒரு பொய்கையும் பொழிலும் அமைக்கச் செய்கிறாள். தீவதிலகைக்கும் மணிமேகலா தெய்வத்துக்கும் அங்கே கோயில் எழுகிறது. இப்போது தெய்வத்துக்கு இடம் கொடுப்பவள் இவள்! அமுதசுரபியைப் பீடிகையில் வைத்து எல்லாரையும் அழைக்கிறாள். பதினெட்டு மொழி பேசுகிறவர்கள், கண் தெரியாதவர்கள், காது கேளாதவர்கள், நடக்கமுடியாதவர்கள், விலங்குகள் எல்லாம் வந்து சாப்பிடுகின்றன.

ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களைப் பற்றி எழுதினார். இன்று அவற்றின் தடம் கொஞ்சம்தான். காமாட்சி அம்மன் கோயிலிலிருந்து போன நின்ற புத்தர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். ஆனால் காமாட்சி இருநாழி நெல்லைக்கொண்டு முப்பத்திரண்டு அறமும் வளர்த்த கதை இங்கே எந்தப் பாட்டிக்கும் தெரியும். ஒரே ஊர், பசியாற்றிய இரண்டு பெண்கள். ஒருத்திக்குப் பொன்விமானம் இருக்கிறது. இன்னொருத்தி தெய்வமாகவில்லை. பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு அறவண அடிகளிடம் பாடம் கேட்க உட்கார்ந்துவிட்டாள். உ.வே.சா. 1898இல் அச்சேற்றிய முப்பது காதைகளும் அவள் பிறவி அற நோற்பதோடு முடிகின்றன.

ஹெலன் மறுத்தாள், ஆனால் போக வேறு இடமில்லை. மணிமேகலைக்குக் காஞ்சி இருந்தது.