உறைமோர் போல ஒரு சேறு

திருச்சி பாலக்கரையில் உய்யக்கொண்டான் வாய்க்காலைக் கடக்கும்போதெல்லாம் ஆகாயத்தாமரையைத்தான் பார்ப்பேன். பெட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிகிற வாய்க்கால், ஊருக்குள் வந்து சாக்கடையையும் வாங்கிக்கொள்கிறது. ஆகாயத்தாமரை இப்படித் தழைக்க உரம் போடுவது நாம்தான். ஓர் ஆள் ஒரு நாளைக்குக் கழிக்கிற நைட்ரஜன் சுமார் 10 கிராம். பெரும்பங்கு சிறுநீரில் போகிறது. அது அம்மோனியாவாகி நீரில் மிகுந்தால் மீனுக்கு நஞ்சு, இந்தச் செடிக்கு விருந்து.

கலந்துவிட்ட நைட்ரஜனை வலை போட்டு அரிக்க முடியாது. அதை வெளியேற்றுகிற வேலை நுண்ணுயிர்களுடையது. 1877இல் பிரான்சில் சுலோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் சாக்கடை நீரை மணல் நிரப்பிய குழாயில் மெல்லக் கசியவிட்டார்கள். முதலில் ஒரு மாற்றமும் இல்லை. சில வாரங்களில் அம்மோனியா மறைந்து நைட்ரேட் வந்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றுபோனது. மயக்க மருந்துக்கு நிற்கிற வேலை என்றால் அதைச் செய்வது ஓர் உயிர்தானே! 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ஆய்வாளர் அந்த உயிர்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார்.

ஆனால் அவற்றை ஊருக்கு உழைக்க வைத்தது மான்செஸ்டரில் ஒரு பாட்டில். 1912இல் கில்பர்ட் ஃபவுலர் என்ற வேதியியலாளர் அமெரிக்காவின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி, காற்றூட்டும் சோதனை ஒன்றைச் செய்துபார்க்கும்படி ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவரிடமும் சொன்னார். அவர்கள் பாட்டிலில் சாக்கடை நீரை ஊற்றி, வெளிச்சம் படாமல் பழுப்புத் தாளைச் சுற்றி, விடாமல் காற்றை ஊதினார்கள். அம்மோனியா முழுக்க நைட்ரேட்டாக ஏறக்குறைய ஐந்து வாரம் பிடித்தது. அத்தனை நாள் எந்த ஊர் காத்திருக்கும்?

அதன்பிறகு அவர்கள் செய்ததுதான் முக்கியம். பாட்டிலைக் கழுவவில்லை. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றின்மேல் புதுச் சாக்கடையை ஊற்றினார்கள். திரும்பத் திரும்ப இதையே செய்ய, நாள் குறைந்துகொண்டே வந்து கடைசியில் 24 மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. 1914 ஏப்ரல் 3ஆம் தேதி மான்செஸ்டரில் இதை அறிவித்தார்கள். உலகமெங்கும் இன்று ஓடுகிற 'ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ்' முறை பிறந்த கதை இது.

தயிர் தோய்க்கிற வீட்டில் உறைமோரை வழித்துக் கொட்டமாட்டார்கள். இதுவும் அப்படித்தான். அம்மோனியா தின்னும் பாக்டீரியா மெதுவாகப் பெருகும் சாதி. மற்ற சில பாக்டீரியாக்கள் அரைமணியில் இரட்டிக்கும்போது இவை இரட்டிக்க ஒரு நாள்கூட ஆகும். நீரோடு வெளியே போய்விட்டால் மறுபடி சேராது. சேற்றை நிறுத்திவைத்தால்தான் இவை தங்கும்.

ஃபவுலர் 1916இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்துவிட்டார். அங்கேயே பின்னாளில் எஸ்.சி. பிள்ளையும் வி. சுப்ரமணியனும் இந்தச் சேற்றில் வாழும் ஒருசெல் விலங்குகளின் பங்கை ஆராய்ந்து 1942இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஃபவுலரின் கவலையோ நைட்ரஜனைக் காப்பாற்றுவது. 1934இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். மண்ணுக்குச் சேரவேண்டிய உரம் வீணாகக் கூடாது என்ற அந்தக் கவலையில் இன்றும் நியாயம் இருக்கிறது.

ஆனால் மண்ணுக்குப் போகாமல் வாய்க்காலில் கலக்கிற நீரில், நைட்ரேட்டானாலும் நைட்ரஜன் தங்கித்தானே இருக்கிறது? அதை வெளியேற்றக் காற்றை நிறுத்த வேண்டும். ஆக்சிஜன் தீர்ந்ததும் வேறு வகை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துச் சுவாசிக்கும். மிஞ்சிய நைட்ரஜன் வாயுவாகிப் போய்விடும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுத்திகரிப்பு நிலையங்களில் தினமும் ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் சேற்று நீரை எடுத்து அரைமணி படியவிடுவார்கள். பழுப்புச் சேறு கீழே இறங்க, மேலே தெளிந்த நீர் நிற்கும். வெயில் நாளில் குடுவையை அப்படியே இன்னும் ஓரிரு மணி நேரம் விட்டால், படிந்த சேறு கட்டி கட்டியாக மேலே மிதந்து வரும். கரண்டியால் கிளறினால் சின்னச் சின்னக் குமிழி விட்டு மறுபடி அமிழும். அந்தக் குமிழிதான் நைட்ரஜன். நாம் மூச்சில் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுதான்.

ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். காற்றை ஊதும் பிளோயருக்கு ஆகும் மின்செலவு அங்கேதான் ஏறுகிறது. காற்றை நிறுத்திவைக்கிற நேரத்தில் அந்த ஆக்சிஜனில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. 'எஸ்பிஆர்' என்று இப்போது பல ஊர்களில் கட்டுகிறார்களே, நிரப்பு, காற்றூட்டு, படியவிடு, வடி என்று ஒரே தொட்டியில் நடக்கிற அந்த முறை, லாக்கெட்டின் பாட்டில் பெரிதானதுதான்.

புதுத் தொட்டியைத் தொடங்கும்போது சாணத்தையும் வெல்லத்தையும் கரைத்து ஊற்றுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. கரிமக் கழிவைத் தின்னும் கூட்டம் அதில் சீக்கிரம் கிளம்பிவிடும். அம்மோனியா தின்னும் கூட்டம் அவ்வளவு சுலபத்தில் வராது. அதனால் விவரம் தெரிந்தவர்கள், நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வேறொரு நிலையத்திலிருந்து ஒரு டேங்கர் லாரி நிறையச் சேறு கேட்டு வாங்கி வருகிறார்கள், பக்கத்து வீட்டில் கிண்ணம் நீட்டி உறைமோர் வாங்குவது போல.